லப்பரஸ்கோப்பி ஒப்பரேஷன்ல ஒட்டுத் தடுப்பு வைக்கப் பழகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொழும்பில பெண்நோயியல் பக்கம் சீனியர் ரெஜிஸ்ட்ராரா இருக்கிறன். தியேட்டருக்குள்ள எங்கட கதை முழுக்க சிங்களமும் இங்கிலிசும் தான், ஆனா பிறகு ஃபோன்ல கேள்வி கேக்கிற, இப்ப பழகிற டொக்டர் தம்பி தங்கச்சியள் தமிழ்ல தான் கேக்கிறவை, வோர்ட்ல அம்மாக்களும் தமிழ்ல தான் கேக்கினம். ஒரே கேள்விக்கு திருப்பித் திருப்பி வொய்ஸ் போட்டுக் களைச்சுப் போனதால, லப்பரஸ்கோப்பில, அதாவது வயித்தில சின்ன ஓட்டை போட்டு கமெரா விட்டுச் செய்யிற ஒப்பரேஷன்ல, உள்ளுறுப்புகள் ஒண்டோட ஒண்டு ஒட்டாம தடுப்பு வைக்கிறதைப் பற்றி எல்லாத்தையும் இதில எழுதிறன். நீங்கள் செய்யிறது உங்கட கொன்சல்டன்ட் நிக்கேக்க, அவர் சொல்றபடி. இது அதுக்கு முதல் வாசிச்சிட்டுப் போறதுக்கு.

முதல்ல, ஒட்டு எண்டா சரியா என்ன?

வயித்துக்குள்ள எல்லா உறுப்பையும் மூடியிருக்கிற மெல்லிய படலம் பெரிட்டோனியம். அதை வெட்டினாலும் சுட்டாலும் உரசினாலும், ஏன் சும்மா காய விட்டாலும், அந்த இடத்தில சில மணித்தியாலத்துக்குள்ள ஃபைப்ரின் படியும். பசை மாதிரி. நல்ல ரத்தோட்டம் இருந்தா உடம்பே அந்த ஃபைப்ரினை ஒரு 3 நாளுக்குள்ள கரைச்சுப் போடும், படலமும் 5 தொடக்கம் 7 நாளுக்குள்ள புதுசா மூடிக்கொள்ளும். ரத்தோட்டம் குறைஞ்ச இடம், கனக்க சுட்ட இடம், இறுக்கித் தைச்ச இடம் இதுகளில கரைக்கிற வேலை நடக்காது, அப்ப அந்தப் பசைக்குள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் எண்ட கலங்கள் வந்து கொலாஜன் நார் போட்டு, ரத்தக் குழாயும் வளந்து நிரந்தரக் கயிறாகிடும். குடல் கருப்பையோட, டியூப் (கருக்குழாய்) ஓவரியோட (சூலகம்), ஓவரி பக்கச் சுவரோட ஒட்டிக்கொள்ளும்.

இதில பிடிச்சுக்கொள்ள வேண்டிய விசயம் அந்த ஒரு கிழமை தான். காயம்பட்ட ரெண்டு மேற்பரப்பை அந்த ஒரு கிழமைக்கு ஒண்டோட ஒண்டு முட்டாம வச்சிருந்தா போதும், மிச்சத்தை உடம்பு பாக்கும். தடுப்பு வைக்கிறது அதுக்குத்தான்.

சின்ன ஓட்டையால தானே செய்யிறம், லப்பரஸ்கோப்பில ஒட்டு வராதுதானே?

குறைவு, ஆனா வரும். வயித்துச் சுவர்ல நீள வெட்டு இல்லாததால அங்க ஒட்டிறது நல்லாக் குறையும், கையும் கோஸும் உள்ளுக்கு உரசாது. ஆனா உள்ளுக்குள்ள வெட்டின ஃபைப்ரொயிட் (கருப்பைத் தசைக் கட்டி) அதே ஃபைப்ரொயிட் தான், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்படலம் மாதிரித் திசு வெளிய வளர்ற நோய்) கிழிச்சு எடுத்த படுக்கை, அதாவது அந்தப் புண் இடம், அதே படுக்கை தான். அதோட குளிரான, ஈரமில்லாத காபனீரொட்சைட்டு மணிக்கணக்கா வீசினா படலம் காயும். திறந்து செஞ்ச வயிறு, இடுப்பு ஒப்பரேஷனுக்கு ஸ்கொட்லாந்தில 10 வருசம் பின்தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு 1999 இல வந்தது, அதில ஏறத்தாழ மூண்டில ஒரு ஆள் ஒட்டால, இல்லாட்டி ஒட்டா இருக்கலாம் எண்ட காரணத்தால திருப்பி ஹொஸ்பிட்டல் வந்திருக்கினம், அதுவும் சராசரியா ரெண்டு தரம். லப்பரஸ்கோப்பி எண்டதை மட்டும் நம்பிக்கொண்டு ஒட்டைப் பற்றி யோசிக்காம விடுறது நோயாளிக்குச் செய்யிற அநியாயம் எண்டு தான் நான் நினைக்கிறன்.

என்னென்ன சாமான் இருக்கு?

மூண்டு வகையாப் பிரிச்சு மனசில வையுங்கோ: துணி அல்லது தாள், ஜெல், தண்ணி.

துணி எண்டா இன்டர்சீட். ஒக்சியேற்றப்பட்ட செலுலோசு, பின்னின துணி மாதிரி இருக்கும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ 1989 இல அனுமதிச்சது. வச்சு 8 மணித்தியாலத்துக்குள்ள ஜெல்லாகி, ஒரு மாசத்துக்குள்ள உறிஞ்சுபட்டுப் போயிடும். தாள் எண்டா செப்ராஃபிலிம், ஹயலுரோனிக் அசிட்டும் கார்பொக்சிமெதில் செலுலோசும் சேர்ந்தது, அனுமதி 1996 இல. ஒரு நாள் ரெண்டு நாளில ஜெல்லாகி ஒரு கிழமை அளவு நிக்கும். ஜெல் எண்டா ஹயலோபேரியர் மாதிரி, சிரிஞ்சில கனூலா எண்ட மெல்லிய குழாய் போட்டு 5 மில்லிமீற்றர் போர்ட்டுக்குள்ளாலயே (கருவி விட வயித்தில குத்தி வைக்கிற குழாய்) பூசலாம், புதுசாப் பழகிறவைக்கு கை நடுங்கினாலும் சமாளிக்கலாம். தண்ணி எண்டா அடெப்ட், 4 வீத ஐகொடெக்ஸ்ட்ரின், சோள மாவில இருந்து எடுக்கிறது. பெரிட்டோனியல் டயலிசிஸ்ல பாவிக்கிற அதே ஐகொடெக்ஸ்ட்ரின் தான், அங்க 7.5 வீதம்.

இன்னொரு விசயம் கனபேருக்குத் தெரியாது. அமெரிக்க லேபல்ல, அதாவது எதுக்குப் பாவிக்கலாம் எண்ட அனுமதிக் குறிப்பில, இன்டர்சீட்டும் செப்ராஃபிலிமும் வயித்தைத் திறந்து செய்யிற ஒப்பரேஷனுக்குத்தான், லப்பரஸ்கோப்பிக்கு எண்டு அங்க அனுமதி எடுத்தது அடெப்ட், 2006 இல. அதால இன்டர்சீட்டை லப்பரஸ்கோப்பில வைக்கிற எண்டா அது லேபலுக்கு வெளிய போற வேலை எண்டு தெரிஞ்சு, கொன்சல்டன்டோட கதைச்சு, நோயாளிக்கும் சொல்லி வைக்கிறது.

தியேட்டர்ல சேர்ஜிசெல் தான் இருக்கு. அதுவும் அதே செலுலோசு தானே, அதை வச்சா என்ன?

வேண்டாம். இதை என்னட்டக் கேக்காத ஆளே இல்லை. மூலப் பொருள் ஒண்டு தான், ஆனா சேர்ஜிசெல் ரத்தம் நிப்பாட்டுறதுக்கு எண்டு செஞ்சது, பின்னல் வேற. அதை விரிச்சு விட்டா ஒட்டைத் தடுக்கும் எண்டு நம்பி வைக்கேலாது. மற்றப் பக்கமும் அப்பிடித்தான், இன்டர்சீட்டை வச்சு ரத்தம் நிப்பாட்டேலாது, ரத்தம் பட்டா இன்டர்சீட் தன்ட வேலையையே செய்யாது.

எந்த ஒப்பரேஷனுக்கு வைக்கிறது?

ஃபைப்ரொயிட் எடுத்துக் கருப்பையைத் தைச்ச இடம், முக்கியமா பின்பக்கம் வெட்டினா, ஏனெண்டா பின்பக்கத் தையல் தான் கூட ஒட்டும், அதுக்குப் பின்னால தான் குடலும் டியூபும் கிடக்கு. எண்டோமெட்ரியோசிஸ் வெட்டி எடுத்த படுக்கை. ஏற்கனவே இருந்த ஒட்டைப் பிரிச்ச இடம். சிஸ்ட் எடுத்த ஓவரி. பிள்ளை வேணும் எண்டு இருக்கிறவைக்கு இன்னும் கவனம்.

சீழ் இருக்கிற வயிறு எண்டா வைக்கிறதில்லை. குடலை வெட்டித் தைச்சிருந்தா அடெப்ட் இல்லை, செப்ராஃபிலிமை குடல் தையலைச் சுத்தி வைக்கவே கூடாது, தையல் விட்டுப் போற அபாயம் கூடும். சோள மா ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்கும் அடெப்ட் இல்லை.

வைக்க முதல் என்ன பாக்க வேணும்?

இந்தப் பக்கத்தில ஒண்டை மட்டும் தான் வாசிப்பன் எண்டா இதை வாசியுங்கோ. தடுப்பு வைக்கிற கையை விட, வைக்க முதல் பொறுமையாப் பாக்கிற கண் தான் பழக வேண்டியது. கடைசி 10 நிமிசம் எல்லாருக்கும் அவசரம், அடுத்த கேஸ் வெளிய காத்துக்கொண்டு கிடக்கும், அனஸ்தீசியா பக்கம் நேரத்தைப் பாக்கத் தொடங்கியிருப்பினம், நீங்களும் 3 மணித்தியாலம் நிண்டு கால் கடுத்துப் போயிருக்கும். அந்த நேரத்தில தான் ரத்தக் கசிவைத் தேட வேணும்.

வயித்துக்குள்ள காத்து 12, 15 மில்லிமீற்றர் மேர்க்குரி அழுத்தத்தில இருக்கேக்க சின்ன நாளங்கள் எல்லாம் அமத்துப்பட்டு, எல்லாம் காய்ஞ்சு வடிவா இருக்கிற மாதிரித் தெரியும். அழுத்தத்தை 5, 8 அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கோ. குறைச்சிட்டு ஒரு ரெண்டு மூண்டு நிமிசம் ஒண்டும் செய்யாம தையல் கோட்டைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. அப்ப தான் கசியிறது கசியும். அனஸ்தீசியா டொக்டரிட்ட நோயாளியின்ட ரத்தப் பிரஷர் எவ்வளவு எண்டும் கேளுங்கோ, மேல் பிரஷர் 85 இல நிக்கேக்க ரத்தம் வரேல்ல எண்டு சந்தோசப்பட ஏலாது. ஃபைப்ரொயிட்டுக்கு வாசோபிரெசின் (ரத்தக் குழாயைச் சுருக்கிற மருந்து) அடிச்சிருந்தா அதின்ட வேகம் இறங்கின பிறகு தான் உண்மையான நிலைமை தெரியும்.

பிறகு கழுவுறது, கழுவினதை முழுக்க உறிஞ்சி எடுக்கிறது. தலை கீழ இருக்கிற நிலையில தண்ணி எல்லாம் மேல ஈரல் பக்கம் போய் நிக்கும், சக்ஷனைக் கீழ வச்சு உறிஞ்சிட்டு முடிஞ்சுது எண்டு நினைக்கிறம், தடுப்பை வச்சிட்டு மேசையை நேராக்கின உடன அவ்வளவு தண்ணியும் இறங்கி வந்து துணியைத் தூக்கிக்கொண்டு போகும். அதால முதல்லயே ஒருக்கா மேசையை மற்றப் பக்கம் சரிச்சு, தண்ணி டக்ளஸ் பவுச்சுக்குள்ள (கருப்பைக்குப் பின்னால இருக்கிற பள்ளம்) வந்து தேங்கினாப் பிறகு உறிஞ்சி, திருப்பி சரிச்சு வையுங்கோ. முள்ளுத் தையல் நூல் பாவிச்சிருந்தா நுனி வெளிய நீட்டிக்கொண்டிருக்காம ஒட்ட வெட்டுங்கோ, குடல் அதில போய் மாட்டும்.

இன்டர்சீட்டை எப்பிடி உள்ளுக்குக் கொண்டு போறது?

முழுத் துண்டு 7.6 க்கு 10.2 சென்டிமீற்றர். காயத்தை விட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீற்றர் கூட வரக்கூடியதா வெட்டுங்கோ, பெரிய காயம் எண்டா ரெண்டு மூண்டு துண்டா வெட்டினா லேசு. பாக்கெட்டை முன்னமே உடைச்சு மேசையில வைக்க விடாதேங்கோ. ஸ்க்ரப் மிஸ்ஸிட்ட முதல்லயே சொல்லி வையுங்கோ, "நான் கேட்டாப் பிறகு தான் திறக்கிறது, கை காய்ஞ்சிருக்க வேணும்" எண்டு. பல மிஸ்மாருக்கு எங்களை விட இது வடிவாத் தெரியும், நான் முதல் துண்டை ஒழுங்கா மடிக்கப் பழகினதே ஒரு சிரேஷ்ட மிஸ்ஸிட்ட இருந்து தான்.

போர்ட்டுக்குள்ள ஈரம் இருக்கும், அதை ஒரு காய்ஞ்ச கோஸை கிறாஸ்பரால (திசு பிடிக்கிற நீளக் கருவி) பிடிச்சு விட்டுத் துடையுங்கோ. கிறாஸ்பர் வாயையும் துடையுங்கோ. துணியை ஓரத்தில பிடிச்சு, இறுக்காம சுருட்டி, 10 அல்லது 12 மில்லிமீற்றர் போர்ட்டுக்குள்ளால ஒரே அசைவில விடுறது, பாதியில நிப்பாட்டினா அங்கயே ஒட்டும். குறைக்கிற குழாய் ஒண்டு இருந்தா துணியை முதல் அதுக்குள்ள இழுத்து வச்சிட்டு, குழாயோட சேர்த்து உள்ள விட்டா வால்வில உரசாது.

உள்ளுக்குப் போன பிறகு ரெண்டு கிறாஸ்பர் வேணும். ஒண்டு மேல் ஓரத்தைக் காயத்துக்கு அப்பால நல்ல படலத்தில அமத்திப் பிடிக்க, மற்றது துணியைக் கீழ் நோக்கி விரிக்கும், ஆர் பாய் விரிக்கிறதைப் பாத்திருந்தாலும் விளங்கும், ஒரு தலைப்பை மிதிச்சுக்கொண்டு மற்றதை உருட்டி விடுறது. மடிப்பு விழக் கூடாது. ஒரு படை போதும், ரெண்டு மூண்டு படை போட்டா நல்லம் எண்டில்லை. சரியா இருந்தாப் பிறகு சேலைன் சில துளி விட்டு நனையுங்கோ, உடன படிஞ்சு துணியின்ட பின்னலுக்குள்ளால திசு தெரியும். சக்ஷனை அதுக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. அதுக்குப் பிறகு கழுவல் இல்லை, வயித்துக்குள்ள தண்ணி நிரப்பி விடுறதும் இல்லை. காத்தை மெதுவா விட்டு, கமெரா கடைசியா வெளிய வரேக்க துணி அந்த இடத்திலயே இருக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.

துணி கறுத்துப் போச்சு. விடலாமா?

விடக் கூடாது. கறுப்பு எண்டா அடியில ரத்தம். எனக்கு பழகின காலத்தில நடந்தது இது: ஃபைப்ரொயிட் கேஸ், எல்லாம் முடிஞ்சுது, துணியும் வடிவா விரிஞ்சுது, போர்ட் எடுக்கப் போகேக்க ஒரு மூலையில காசு அளவு கறுப்பு. எனக்குத் தெரிஞ்சது, ஆனா நேரம் போட்டுது, விலையான சாமான், இன்னொரு துண்டு கேக்கப் பயம். வாய் திறக்கேல்ல. கொன்சல்டன்ட் சேர் தான் திரையைப் பாத்திட்டு "அதை எடுங்கோ" எண்டார். எடுத்தா, தையல் ஓட்டை ஒண்டால மெல்லிசாக் கசியிது. ஒரு தையல் போட்டு நிப்பாட்டி, திருப்பி 5 நிமிசம் பாத்து, புதுத் துண்டு வச்சம். அண்டைக்கு நான் சொல்லாம விட்டது இப்பவும் மனசில நிக்கிது. கறுத்தா எடுங்கோ, கசிவை நிப்பாட்டுங்கோ, புதுசு வையுங்கோ, புதுசு இல்லாட்டி ஒண்டும் வைக்காம விடுங்கோ. ரத்தத்தில ஊறின துணியை விட்டிட்டு வாறதை விட ஒண்டும் இல்லாம வாறது நல்லம்.

செப்ராஃபிலிம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

காய்ஞ்சா அப்பளம் மாதிரி உடையும், ஈரம் பட்டா பட்ட இடத்திலயே ஒட்டும், திருப்பி எடுத்து வைக்கேலாது. லப்பரஸ்கோப்பில வயிறு முழுக்க ஈரம். சின்னத் துண்டா வெட்டி, அதோட வாற தாங்கித் தாளோடயே சுருட்டி, போர்ட்டால விட்டு விரிக்கிறவை இருக்கினம். சிலர் துண்டு துண்டா நறுக்கி சேலைன்ல கரைச்சுக் கூழாக்கியும் விடுகினம், அதுவும் லேபலுக்கு வெளிய தான். புதுசாப் பழகிறவை இதில தொடங்காதேங்கோ.

அடெப்ட் தண்ணி தானே, ஊத்தி விட்டா சரி தானே?

கைவேலை லேசு தான். ஒப்பரேஷன் நேரம் முழுக்க குறைஞ்சது அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா 100 மில்லிலீற்றர் விட்டுக் கழுவுறது, கடைசியில எல்லாத்தையும் உறிஞ்சிட்டு புதுசா 1 லீற்றர் விட்டு மூடுறது. உடம்பு வெக்கைக்குச் சூடாக்கி வையுங்கோ. போர்ட் ஓட்டையால கொஞ்சம் கசியும், சிலருக்குப் பிறப்புறுப்பின்ட வெளி இதழ் வீங்கும், தானா வத்தும், ஆனா முன்னமே சொல்லாட்டி பாவம் பயந்து போவினம்.

உண்மையான ஆபத்து வோர்ட்ல தான். ஐகொடெக்ஸ்ட்ரின் உடம்புக்குள்ள மோல்டோசா உடையும். விரல் குத்திப் பாக்கிற சில மெஷின், குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ் பிக்யூக்யூ எண்ட முறையில வேலை செய்யிறது, இந்த மோல்டோசையும் சீனி எண்டு கணக்கெடுத்துக் கூட்டிக் காட்டும். இரவு டியூட்டியில இருக்கிற ஹவுஸ் ஒஃபிஸர் சீனி 300 எண்டு பாத்து இன்சுலின் போட்டா, உண்மையில சீனி 90 இல இருந்த ஆள் விழுந்து போவா. எங்கட நாட்டில சலரோகம் இருக்கிற அம்மாக்கள் எவ்வளவு பேர் எண்டு உங்களுக்கே தெரியும். அதால அடெப்ட் போட்டா கட்டில் தலைமாட்டு சார்ட்டில சிவப்பில எழுதுங்கோ, வோர்ட் சிஸ்டரிட்ட வாயாலயும் சொல்லுங்கோ, அந்த வோர்ட் மெஷின்ட ஸ்ட்ரிப் எந்த முறை எண்டு பெட்டியைப் பாருங்கோ, சந்தேகம் எண்டா லாப்புக்கு ரத்தம் அனுப்புங்கோ.

வீட்டில இருந்து பழகலாமா?

பழகலாம், பழக வேணும். நான் வெள்ளவத்தை வீட்டில ஒரு பிளாஸ்டிக் பெட்டியில ரெண்டு ஓட்டை போட்டு, ஃபோனைக் கமெராவா மேல வச்சு, காலாவதியான கிறாஸ்பர் ரெண்டைக் கேட்டு வாங்கி வச்சுப் பழகினனான். மார்க்கட்டில தோலோட வாங்கின கோழித் தொடை தான் கருப்பை, தோலை உரிச்சுக் கொஞ்சம் கீறினா படுக்கை ரெடி. இன்டர்சீட்டுக்குப் பதிலா தேத்தண்ணிப் பையை வெட்டித் தூளைக் கொட்டிட்டு அந்தத் தாளை எடுங்கோ, சுருளும், நனைஞ்சாப் படியும், ஈரக் கிறாஸ்பர்ல ஒட்டி உங்கட பொறுமையைச் சோதிக்கும், அசல் அப்பிடியே. செப்ராஃபிலிமுக்கு சுப்பர்மார்க்கட்ல விக்கிற அரிசித் தாள் கிட்டத்தட்ட வரும். மற்றக் கையாலயும் செய்யுங்கோ. வீடியோ எடுத்து அடுத்த நாள் பாருங்கோ, துணி எங்க முதல்ல ஈரமாகுது எண்டு அதில தான் பிடிபடும். எனக்கு எப்பவும் போர்ட் வாசல்ல தான்.

எங்கட ஹொஸ்பிட்டல்ல ஸ்டொக் இல்லை. சென்னையில இருந்து ஆரும் வரேக்க கொண்டு வரச் சொல்லலாமா?

அன்பா தான் கேக்கினம், நோயாளியின்ட அண்ணாவே "நான் நாளைக்கு வாறன், வாங்கிக்கொண்டு வாறன் டொக்டர்" எண்டு சொல்லுவார். ஆனா இஞ்ச 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவச் சாதனங்களும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில பதிஞ்சிருக்க வேணும், சூட்கேசுக்குள்ள எந்த வெக்கையில கிடந்தது எண்டும் ஒருத்தருக்கும் தெரியாது. வேண்டாம்.

இல்லாட்டி இல்லாமலே நல்லாச் செய்யலாம். திசுவை நோகாமப் பிடிக்கிறது, குறைவாச் சுடுறது, ஈரமா வச்சிருக்கிறது, ரத்தத்தையும் கட்டியையும் கழுவி எடுக்கிறது, தேவைக்கு மேல நூல் போடாம விடுறது. எந்தத் தடுப்பும் இதுக்குப் பதில் இல்லை, இதோட சேர்த்துத் தான் தடுப்பு.

இதை வச்சா பிள்ளை தங்குமா? வயித்து நோ போகுமா?

அப்பிடிச் சொல்லிக் குடுக்காதேங்கோ. இன்டர்சீட் மாதிரித் தடுப்புகள் ரெண்டாம் தரம் கமெரா விட்டுப் பாக்கேக்க ஒட்டைக் குறைச்சிருக்கு எண்டதுக்கு ஆதாரம் இருக்கு, அந்த ஆதாரமும் அவ்வளவு பலமானது இல்லை. குழந்தை பிறக்கிற வீதம் கூடுது, நோ குறையுது எண்டதுக்குப் போதுமான ஆதாரம் இல்லை எண்டு தான் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்லுது. புதுச் சாமான் எண்ட உடன நம்பிறதும் கூடாது, இன்டர்ஜெல் எண்டு ஒரு ஜெல் வந்து, பாவிச்ச பிறகு கடும் நோ எண்டு முறைப்பாடு வர 2003 இல சந்தையில இருந்து திருப்பி எடுத்தவை.

அம்மாக்களுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது?

கொட்டாஞ்சேனையில இருந்து வந்த ஒரு அம்மா ஒப்பரேஷன் முடிஞ்ச அடுத்த நாள் என்ட கையைப் பிடிச்சு "மகள், எனக்குள்ள பேப்பர் வச்சுத் தைச்சுப் போட்டினமாம், எப்ப எடுப்பீங்கள்?" எண்டு கேட்டவ. ராத்திரி முழுக்க நித்திரை இல்லையாம். கையெழுத்து வாங்கேக்க இங்கிலிஸ் ஃபோமை நீட்டினது தவிர ஆரும் அவவோட தமிழ்ல ரெண்டு வசனம் கதைக்கேல்ல. இப்ப நான் இப்பிடித் தான் சொல்றனான்: "ரொட்டிக்கு மா உருட்டி வைக்கேக்க ஒண்டோட ஒண்டு ஒட்டாம இடையில லஞ்ச் சீட் வைப்பீங்கள் தானே அம்மா, அதே மாதிரி. ஒரு கிழமை நிண்டிட்டு தானாக் கரைஞ்சு போயிடும், எடுக்கத் தேவையில்லை. வச்சாலும் சிலவேளை ஒட்டும், ஆனா குறையலாம்." இதுக்கு ஒரு நிமிசம் கூட எடுக்காது. ஒப்பரேஷனுக்கு முதல் சொல்லுங்கோ.

ஒப்பரேஷன் நோட்ல என்ன எழுதிறது?

"தடுப்பு வைக்கப்பட்டது" எண்டு மட்டும் எழுதினா அடுத்த தரம் வயித்தைப் பாக்கிறவருக்கு ஒண்டும் விளங்காது. என்ன சாமான், எத்தினை துண்டு, எந்த இடம், லொட் இலக்கம் (பாக்கெட் ஸ்டிக்கரை அப்பிடியே ஒட்டுங்கோ), அழுத்தம் குறைச்சுப் பாத்ததா, வைக்கேக்க படுக்கை காய்ஞ்சு இருந்ததா, கறுத்து மாத்தினதா. அடெப்ட் எண்டா எவ்வளவு விட்டது, சீனி மெஷின் எச்சரிக்கை. டயக்னோசிஸ் கார்ட்டிலயும் ஒரு வரி போடுங்கோ, ஏனெண்டா அந்தக் கார்ட்டைத் தான் அவ வீட்டில ஃபைலுக்குள்ள பத்திரமா வச்சிருந்து, 4 வருசம் கழிச்சு வேற ஹொஸ்பிட்டலுக்கு வயித்து நோவோட போகேக்க டொக்டரிட்ட நீட்டுவா.